பூங்காவைக் காலி மனையாகப் பார்க்காதீர்கள்

தாம்பரத்திலிருந்து வரும் மின்சார ரயில் ‘பார்க்’ நிலையத்தில் நிற்கிறது. மயிலாப்பூரிலிருந்து வரும் பறக்கும் ரயில் ‘பார்க் டவுன்’ நிலையத்தில் நிற்கிறது. அஞ்சல் முகவரியிலும் பார்க் டவுன் உண்டு. பேருந்துப் பலகையிலும் உண்டு. அந்தப் பூங்காவைத்தான் காணவில்லை.

அப்படியொரு பூங்கா உண்மையிலேயே இருந்தது. 1859, 1860 ஆண்டுகளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யனின் யோசனையில் உருவானது அது. மக்கள் பூங்கா என்றே பெயர். பரப்பு 116 ஏக்கர். 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்கு வளைந்து செல்லும் பாதைகள், பேண்டு வாத்திய மேடை, பொதுக் குளியலிடம் எல்லாம் அதில் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் சில ஆண்டுகளில் இங்கே வந்து சேர்ந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1858இல்தான் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு ஓரிரு ஆண்டுகளே பின்னால் நம் ஊரில் 116 ஏக்கரில் ஒரு பொதுப் பூங்கா! உலகின் பெருநகரங்கள் பூங்கா என்ற ஏற்பாட்டைக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் சென்னையும் கற்றுக்கொண்டிருக்கிறது.

இன்று சென்ட்ரல் பார்க் இருக்கிறது. மக்கள் பூங்கா இல்லை. அதை யாரும் திட்டமிட்டு அழிக்கவில்லை. எல்லாமே நல்ல காரியங்களாகத்தான் நடந்தன. நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் தேவைப்பட்டது. 1880களின் இறுதியில் விக்டோரியா பொது அரங்கம் எழுந்தது. கடைக்காரர்களுக்கு ஓர் ஒழுங்கான சந்தை தேவைப்பட்டது. 1900இல் மூர் மார்க்கெட் திறந்தது. மாநகராட்சிக்கு ஓர் அலுவலகம் வேண்டியிருந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டரங்கம் வேண்டும் என்றார்கள். அதற்கும் இடம் இங்கேயே கிடைத்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தபின், அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. அதே ஆண்டு விலங்குக் காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. மிஞ்சியிருப்பவை ‘மை லேடீஸ்’ பூங்கா போன்ற சில துண்டுகள்தான்.

இந்த வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையின் பூங்காக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பராமரிப்பின்மையைத்தான் பேசுகிறோம்: குப்பை, உடைந்த ஊஞ்சல், எரியாத விளக்கு. அவை உண்மையான குறைகள். ஆனால், பராமரிப்பில்லாத பூங்காவை மீட்டுவிடலாம். கட்டிடம் எழும்பிய பூங்காவை மீட்க முடியாது. பூங்கா என்றால் ‘இன்னும் எதுவும் கட்டாத இடம்’ என்று பார்க்கும் பார்வைதான் 116 ஏக்கரை விழுங்கியது. அந்தப் பார்வை இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

லஸ் முனையின் கதை

மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா, நகரத்தின் நல்ல பூங்காக்களில் ஒன்று என்று சென்னைவாசிகள் பலரும் ஒப்புக்கொள்வார்கள். ஒரு காலத்தில் அந்த இடம் குட்டையும் சேறுமாகக் கிடந்த தாழ்நிலம். பெயருக்கு உரியவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் (1867 - 1938). 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியவர், ‘ஆந்திர பத்திரிகா’வை வார இதழாக ஆரம்பித்து, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கியவர், விடுதலைப் போராட்ட வீரர். ராயலசீமைத் தலைவர்களும் கடலோர ஆந்திரத் தலைவர்களும் 1937இல் செய்துகொண்ட புகழ்பெற்ற ஒப்பந்தம், லஸ்ஸில் இருந்த அவருடைய ‘ஸ்ரீபாக்’ இல்லத்தில்தான் கையெழுத்தானது. அதனால்தான் அதற்கு ஸ்ரீபாக் ஒப்பந்தம் என்றே பெயர். ஆந்திர மாநிலத்தின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் மயிலாப்பூரில் எழுதப்பட்டது என்பதை இந்தப் பூங்காவில் நடைபோடுபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. பூங்காவின் வாசலில் அவரைப் பற்றி நாலு வரி விரிவாக எழுதிவைத்தால் நல்லது.

இந்தப் பூங்காவில் அப்படி என்ன இருக்கிறது? பிரமாதமாக எதுவும் இல்லை. நிழல் தரும் மரங்கள், நடைபாதை, உட்காரப் பெஞ்சுகள், இறகுப்பந்துத் திடல், குழந்தைகளுக்குச் சறுக்குமரமும் ஊஞ்சலும், சதுரங்கம் ஆட ஒரு முற்றம். அந்த முற்றத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சிறுவர் சிறுமியர் கச்சேரி செய்வார்கள். மைக் இல்லை, மேடை இல்லை, டிக்கெட் இல்லை. வாக்கிங் வந்தவர்கள் இரண்டு சுற்றுக்கு இடையில் நின்று ஒரு கீர்த்தனையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஜனவரியில் மயிலாப்பூர் விழா நடக்கும்போது சதுரங்கப் போட்டியும் உண்டு.

காலையில் நடைக்கு வரும் முதியவர்கள், பள்ளி விட்டதும் குழந்தைகளோடு வரும் அம்மாக்கள், மாலையில் பந்தாடும் இளைஞர்கள், அரட்டைக்கென்றே வரும் ஓய்வுபெற்றவர்கள் என்று வேளைக்கு ஒரு கூட்டம். பூங்காவைக் காப்பது இந்தக் கூட்டம்தான். நாளெல்லாம் யாராவது ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு மூலையை வளைத்துக் கட்டிடம் கட்டுவது எளிதல்ல. ஒரு விளக்கு எரியாவிட்டாலும் செய்தியாக்குவதற்கு 1994 முதல் ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ என்ற வட்டார வார இதழும் இருக்கிறது. பராமரிப்பை மாநகராட்சிக்காக சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் நீண்ட காலமாக ஏற்றுச் செய்துவருகிறது.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாகேஸ்வர ராவ் பூங்காவின் வெற்றியை அப்படியே எடுத்து மற்ற வட்டாரங்களுக்கு உபதேசம் செய்ய முடியாது. புகார் எழுதத் தெரிந்த, அதிகாரியைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்த நடுத்தர வர்க்கம் வாழும் ஊர் மயிலாப்பூர். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் தங்கள் பெயர்ப் பலகை நாலு பேர் கண்ணில் படும் இடத்தைத்தான் தேடிப் போகும். வியாசர்பாடியிலோ பெரும்பாக்கத்திலோ இருக்கும் பூங்காவைத் தத்தெடுக்க அத்தனை நிறுவனங்கள் வரிசையில் நிற்பதில்லை. ஒரு நிறுவனம் பூங்காவைப் பேணுவது வரவேற்கத்தக்கதுதான். ஆனால், பூங்காவைப் பேணுவது கொடையாளரின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்ற நிலைக்கு மாநகராட்சி வந்துவிடக் கூடாது. அது சொத்து வரி செலுத்துபவருக்கும், வரி செலுத்தும் அளவுக்குச் சொத்தே இல்லாதவருக்கும் உள்ள உரிமை.

ஏரி மீது எழுந்த நகர்

மயிலாப்பூரிலிருந்து மேற்கே போனால் தியாகராய நகர். இங்கே பூங்கா தற்செயலாக வந்ததல்ல. நகரமே பூங்காவை வைத்துத்தான் வரையப்பட்டது. மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்து, 1920களில் நீதிக் கட்சி ஆட்சியில் உருவாக்கிய குடியிருப்பு இது. 1920இல் இயற்றப்பட்ட சென்னை நகரமைப்புச் சட்டம் அதற்கு வழிகாட்டியது. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து நாலா பக்கமும் பிரியும் சாலைகள் என்று திட்டமிட்டார்கள்.

பெயர்களும் அந்த அரசியலைச் சொல்கின்றன. ஊருக்குப் பிட்டி தியாகராயர் பெயர். நடுவில் இருக்கும் பூங்காவுக்கு, 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதல்வராக இருந்த பனகல் அரசர் பெயர். வெங்கட்நாராயணா சாலைப் பக்கம் இருக்கும் பூங்காவுக்கு, 1912இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் சி.நடேசனார் பெயர். பின்னாளில் பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் பெயரிலும் இதே தியாகராய நகரில் ஒரு பூங்கா அமைந்தது. நீதிக் கட்சித் தலைவர்களும் கம்யூனிஸ்ட் தலைவரும் சில தெருக்கள் இடைவெளியில் பூங்காக்களாக நிலைத்திருக்கும் ஊர் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

இந்தப் பூங்காக்கள் இலக்கியத்துக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரன், வீட்டுக்கு அருகில் இருந்த பூங்காவில் உட்கார்ந்து எழுதும் பழக்கம் உடையவர். தனி எழுத்தறை வைத்துக்கொள்ள வசதியில்லாத எழுத்தாளருக்கு மரத்தடிப் பெஞ்சை எழுத்தறையாக்கிக் கொடுத்தது மாநகராட்சி. காசு கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. ஒரு பூங்கா ஊருக்கு என்ன தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ஏரி இருந்த இடத்தில் ஊரைக் கட்டிவிட்டோம். மழை அதை மறப்பதில்லை. 2015 வெள்ளத்தையும், 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தேங்கி நின்ற தண்ணீரையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டு வாசல்வரை சிமென்ட் பூசப்பட்ட ஒரு வட்டாரத்தில் மழைநீர் இறங்குவதற்கு மிஞ்சியிருக்கும் மண், பூங்காவின் மண்தான். அந்த மண்ணிலும் பேவர் பிளாக் பதித்து, நடைபாதையை ஆண்டுக்கு ஆண்டு அகலமாக்கி, மரத்தின் அடிவரைக்கும் சிமென்ட் குழைத்துக் கட்டிவிட்டு, பிறகு மழைநீர் வடிகாலுக்குக் கோடிகளை ஒதுக்குவது விசித்திரமான சிக்கனம். மழைநீரை உறிஞ்சும் பூங்காக்கள் என்ற திட்டத்தை மாநகராட்சியே இப்போது பேசுகிறது. புதிய பூங்காக்களை அப்படி அமைப்பதோடு, பழைய பூங்காக்களில் பூசிய சிமென்ட்டைப் பெயர்த்தெடுக்கவும் வேண்டும்.

‘தற்காலிகம்’ எத்தனை ஆண்டு?

பனகல் பூங்காவுக்கு வந்திருக்கும் சோதனை வேறு வகையானது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் தடத்தில் பனகல் பூங்கா ஒரு சுரங்க நிலையம். அதற்காகப் பூங்காவின் ஒரு பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. மெட்ரோ தேவையா என்று கேட்பவர்கள் இன்று யாருமில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவுக்கு வந்து பார்த்தவர்களுக்குப் பொதுப் போக்குவரத்தின் அருமை புரியும்.

கேள்வி, பூங்கா திரும்பி வருமா என்பதுதான். செனாய் நகர் திரு.வி.க. பூங்கா, முதல் கட்ட மெட்ரோ பணிக்காக 2011இல் மூடப்பட்டது. மரங்கள் வெட்டப்பட்டன. அந்தப் பூங்கா மீண்டும் மக்களிடம் வர பத்தாண்டுகளுக்கும் மேல் ஆனது. மூடியபோது முதல் வகுப்பில் இருந்த குழந்தை, திறந்தபோது பள்ளிப் படிப்பையே முடிக்கும் வயதுக்கு வந்திருக்கும். அந்தக் குழந்தையின் விளையாட்டு வயதை யார் திருப்பித் தருவார்கள்? திரும்பக் கிடைத்த பூங்காவில் புதிய வசதிகள் உண்டு. ஆனால், கீழே நிலையம் இருக்கும் இடத்தில் பழைய ஆழத்துக்கு மண் இல்லை. பழைய உயரத்துக்கு மரம் வளரப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பொதுத் திட்டங்களுக்குப் பூங்கா நிலம் தேவைப்படும்போது குறைந்தபட்சம் மூன்று உறுதிகளை எழுத்தில் தர வேண்டும். எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவோம் என்பது ஒன்று. எத்தனை சதுர அடி மண் பரப்பாகவே திரும்பும் என்பது இரண்டு. பணி நடக்கும் ஆண்டுகளில் அந்த வட்டாரத்துக் குழந்தைகளும் முதியவர்களும் எங்கே போவார்கள் என்பது மூன்று. இந்த மூன்றும் பூங்கா வாசலில் பலகையாகத் தொங்க வேண்டும். சாலைப் பணிக்கு ஒப்பந்ததாரர் பெயரையும் தொகையையும் எழுதிவைக்கும்போது, பூங்காவைப் பறிப்பதற்கு ஒரு பலகை வைக்கக் கூடாதா?

என்ன வசதி வேண்டும்?

பூங்கா மேம்பாடு என்றதும் நம் உள்ளாட்சிகளின் மனதில் தோன்றுவது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். அலங்கார வளைவு, நீரூற்று, சிமென்ட்டில் செய்த மான், எட்டு வடிவ நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், செல்ஃபி எடுக்கப் பெரிய எழுத்துப் பலகை. இவற்றில் உடற்பயிற்சிக் கருவிகளுக்குக் கூட்டம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. நீரூற்று பெரும்பாலும் திறப்பு விழா அன்று பொங்கிவிட்டு, அடுத்த மழைக்காலத்தில் கொசு வளர்க்கத் தொடங்கிவிடும்.

பூங்காவுக்கு வருபவர்களைக் கேட்டால் அவர்கள் பட்டியல் சிறியது. நிழல் வேண்டும். முதுகு சாய்த்து உட்காரப் பெஞ்சு வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். இருட்டிய பிறகும் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு வாசல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டிவைக்காத, தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் அதிகம் நடைக்கு வரும் நகரம் இது. பெண்கள் வெளியே எத்தனை நேரம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் பல இடங்களில் கழிப்பறைதான். கழிப்பறை இல்லாத பூங்கா, பெண்களுக்கு அரை மணி நேரப் பூங்கா.

நிழல் விஷயத்தில் கொஞ்சம் மரங்களைப் பற்றியும் பேச வேண்டும். 2016 டிசம்பரில் வீசிய வார்தா புயல், சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அழகுக்காக நட்ட அயல் மரங்கள் அதில் ஏராளம். வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல் என்று நம் மண்ணுக்குப் பழகிய மரங்களை நடுவதற்கும், அவை வேர்விட இடம் விடுவதற்கும் பெரிய நிதி வேண்டியதில்லை. புல்தரைக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு போதும்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் விளையாடும் வகையில் சாந்தோமில் மாநகராட்சி ஒரு பூங்கா அமைத்தது. நல்ல முன்மாதிரி. ஆனால், அப்படியொரு குழந்தை தன் தெருமுனைப் பூங்காவில் தன் நண்பர்களோடு விளையாட முடிவதுதான் உண்மையான வசதி. ஒவ்வொரு பூங்காவிலும் ஓர் ஊஞ்சலும் ஒரு சாய்தளமும் அந்தக் குழந்தைக்கு ஏற்றபடி இருந்தால் போதும். தனிப் பூங்கா தேட வேண்டாம்.

நண்பகல் பூட்டு

இவ்வளவு வசதி செய்தாலும், கதவு பூட்டியிருந்தால் என்ன பயன்? காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் திறந்துவிட்டு, நடுவே பூட்டிவிடும் பழக்கம் பல பூங்காக்களில் இன்னும் இருக்கிறது. அதாவது, வெயில் கொளுத்தும் நேரத்தில், நகரத்தில் நிழல் அதிகம் தேவைப்படும் நேரத்தில், நிழலைப் பூட்டி வைக்கிறோம்.

நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் கடிகாரத்துக்கு ஏற்ற நேரம் அது. மற்றவர்களின் கடிகாரம் வேறு. தியாகராய நகரின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் பெண்களை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நின்றபடியே விற்பனை செய்யும் அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தையே திருத்தியது. அவர்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்துவைத்து உட்கார ஒரு மரத்தடி வேண்டாமா? வீட்டு வேலை செய்யும் பெண்கள் இரண்டு வீடுகளுக்கு இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எங்கே கழிப்பார்கள்? முதலாளிக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர்கள், உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் எங்கே போவார்கள்?

உணவு விநியோக ஊழியர்களுக்காக 2025இல் மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. பாராட்ட வேண்டிய முயற்சி. குளிரூட்டி இல்லாத ஓய்விடங்கள் நூற்றுக்கணக்கில் மாநகராட்சியிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பூட்டைத் திறந்தால் போதும்.

பகலில் திறந்துவைத்தால் காதலர்கள் வருவார்கள், குடிகாரர்கள் வருவார்கள், படுத்துத் தூங்குவார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். காதலர்கள் வந்தால் என்ன? அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். வேறு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பேசிக்கொண்டிருக்க அவர்களுக்கும் இடம் வேண்டும். களைத்தவர் மரத்தடியில் கண்ணயர்வது குற்றமும் இல்லை. குடியும் ரவுடித்தனமும்தான் உண்மையான சிக்கல். அவற்றைத் தடுப்பது ஆள் நடமாட்டம். வெறிச்சோடிய இடத்தைத்தான் அவை தேடுகின்றன. கூடுதலாக ஒரு காவலாளியை நியமிப்பதற்கான சம்பளம், ஒரு நீரூற்றின் செலவைவிடக் குறைவு.

சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வா!

கதீட்ரல் சாலையில் இருக்கும் இரண்டு பெரிய பூங்காக்களும் ஒரு வகையில் மீட்பின் கதைகள். உட்லண்ட்ஸ் டிரைவ் இன் உணவகம் இருந்த அரசு நிலத்தை மீட்டு, 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அதன் எதிரே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. நகரத்தின் மிக விலையுயர்ந்த சாலை ஒன்றில், தனியார் கையில் இருந்த நிலத்தை மீட்டு வணிக வளாகமாக்காமல் பூங்காவாக்கியதற்கு அரசுகளுக்குப் பாராட்டு உரியது.

ஆனால், நூற்றாண்டுப் பூங்காவில் நுழையவே பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் சாகசப் பயணத்துக்குத் தனிக் கட்டணம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம் உள்ளே கால் வைக்கவே 300 ரூபாய். தேனாம்பேட்டையின் பின்தெருக்களில் வாழும் தினக்கூலிக் குடும்பத்துக்கு அது பாதி நாள் கூலி. சாகச விளையாட்டுக்குக் கட்டணம் வாங்கட்டும், ஆட்சேபம் இல்லை. மரத்தடியில் உட்கார்வதற்குக் கட்டணம் எதற்கு? அது கேளிக்கைப் பூங்கா. பொதுப் பூங்காவின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

அடையாறின் தொல்காப்பியப் பூங்காவை இதோடு சேர்த்துப் பேச முடியாது. குப்பைமேடாகிக்கொண்டிருந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011இல் திறந்தார்கள். பறவைகளுக்கும் சதுப்புநிலத் தாவரங்களுக்குமான இடம் அது. அங்கே மனிதர் நுழைவதைக் கட்டுப்படுத்துவது நியாயம். அந்த நியாயத்தைத் தெருமுனைப் பூங்காவுக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் நீட்டக் கூடாது.

மக்கள் குரல் எழுப்பினால் முடிவுகள் மாறும் என்பதற்கும் அண்மையிலேயே சான்று உண்டு. 2024 அக்டோபரில், செயற்கைப் புல் பதித்த 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுபவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. காசில்லாத பையன் பந்தாடக் கூடாது என்ற நிலை ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தது.

சட்டம் இருக்கிறது

பூங்காக்களைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959இலேயே வந்துவிட்டது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியலிட்டுக் காக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பெங்களூருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையை ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து, அந்தப் பகுதிவாசிகள் நடத்திய வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் தெளிவான தீர்ப்பு வழங்கியது. மருத்துவமனை நல்ல நோக்கம்தான். ஆனாலும் பூங்காவின் இடத்தை அதற்குக் கொடுக்க முடியாது, அதைத் தட்டிக்கேட்க அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். அந்த மாநிலம் தன் கப்பன் பூங்காவையும் லால்பாகையும் காக்க 1975இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆக்கிரமிப்புச் சர்ச்சைகள் அங்கும் ஓயவில்லை. ஆனால், 1870இல் தோன்றிய கப்பன் பூங்கா இன்னும் பூங்காவாகவே இருக்கிறது.

நம் கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டுமானம் வந்தால் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான நிலத்துக்கு, இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். பணம் வாங்குவது எளிது. அந்தப் பணத்தில் அதே வட்டாரத்தில் இடம் வாங்குவது அரிது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பழைய வீடுகள் அடுக்குமாடிகளாக மாறும் வேகத்தைப் பார்த்தால், ஆள் கூடுகிறது, திறந்தவெளி கூடவில்லை. பராமரிப்புக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. திறந்தவெளிக்குப் பதிலாக வசூலித்த பணம் எவ்வளவு, எங்கே செலவானது என்பதை ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனியாக வெளியிடட்டும்.

மாநகராட்சி செய்ய வேண்டியவை நான்கு. ஒவ்வொரு பூங்காவின் எல்லையையும் பரப்பையும் அளந்து, வட்டவாரியாகப் பொதுவில் வைக்க வேண்டும். மண் பரப்பில் கட்டுமானம் எத்தனை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வகுக்க வேண்டும். விடியலிலிருந்து இரவு வரை இடைவெளியின்றிக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். பொதுப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்தை அடியோடு எடுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.

மக்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 2022 நவம்பரிலிருந்து நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு பற்றிக் கேட்கும் அந்தக் கூட்டத்தில், உங்கள் வட்டத்துப் பூங்காவின் பரப்பு எத்தனை சதுர அடி, பத்தாண்டுக்கு முன்பு எத்தனை சதுர அடி இருந்தது என்ற கேள்வியையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள்.